வடிவும் பாலும்

யாழ்ப்பாணத்தில் 'வடிவு' என்றால் அழகு. ஏட்டுத் தமிழில் அது உருவம், அமைப்பு என்ற பொருளையும் தரும். கறவை மாடு வாங்கப் போகிறவர் மாட்டை ஒருமுறை சுற்றி வந்து "வடிவான மாடு" என்று சொல்லும்போது இவ்விரு பொருள்களும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மாடு பார்வைக்கு நன்றாயிருக்கிறது, ஆகவே அதன் உடலமைப்பு நல்லது, ஆகவே அது நிறையக் கறக்கும். இந்த இரண்டு 'ஆகவே'களும் எவ்வளவு தூரம் சரியானவை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வன்னியில் வாழ்வாதார உதவியாகக் கறவை மாடுகள் வழங்கப்பட்ட வைபவங்கள் சிலவற்றுக்குச் செய்தியாளனாகச் சென்றபோது அந்தக் கேள்வி வலுத்தது. ஒரு மாட்டின் பாலை நம்பி ஒரு குடும்பம் தன் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளைத் திட்டமிடுகிறது. அந்த மாட்டைத் தெரிவு செய்பவர் எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்?

மாட்டுத் தரகர்கள் பார்க்கும் அடையாளங்கள் பல. மெல்லிய கழுத்து, மெல்லிய தோல், நீண்ட வால், வயிற்றின் அடியில் புடைத்துத் தெரியும் 'பால் நரம்பு'. இவற்றோடு சுழி வேறு. கோபுரச் சுழி நல்லது, பாடைச் சுழி வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சுழி சாத்திரம் பெரும்பாலும் பாலைப் பற்றியதன்று, வாங்குபவரின் அதிர்ஷ்டத்தைப் பற்றியது. ஆனால் மயிர்ச் சுழியிலிருந்தே பாலைக் கணிக்கலாம் என்று ஐரோப்பாவில் ஒருவர் நூலே எழுதினார் என்பதை அறிந்தபோது நான் வியந்தேன்.

பிரான்சின் போர்தோப் பகுதியைச் சேர்ந்த பிரான்சுவா கெனோன் என்பவர்தான் அவர். பசுவின் மடியின் பின்புறத்திலும் அதற்கு மேலும், மயிர் கீழ்நோக்கி வளராமல் மேல்நோக்கி வளரும் ஒரு பரப்பு உண்டு. அதன் அகலத்தையும் வடிவத்தையும் கொண்டு பசு எத்தனை லீற்றர் கறக்கும், எத்தனை மாதம் கறக்கும் என்றெல்லாம் சொல்லிவிடலாம் என்பது அவருடைய கொள்கை. பசுக்களை வகுப்புகளாகவும் படிகளாகவும் பிரித்து, படங்களுடன் 1838இல் நூலாக வெளியிட்டார். போர்தோ விவசாயச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1878இல் இதைச் சோதிப்பதற்கென ஒரு குழுவையே நியமித்தது. குழுவும் கொள்கை சரியென்றே அறிக்கை தந்தது. சாதாரணமான மனிதர்கள் அல்லர் இவர்கள். மாடுகளோடு வாழ்ந்தவர்கள். நம்முடைய சுழி பார்ப்பவரைக் கண்டு சிரிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கெனோனின் கொள்கையை வீழ்த்தியது எதிர்வாதம் அன்று, பால் கணக்கு. 1895இல் டென்மார்க்கின் வேயென் என்ற ஊரில் விவசாயிகள் ஒன்றுகூடி, ஒவ்வொரு பசுவின் பாலையும் முறையாக அளந்து, கொழுப்பைச் சோதித்து எழுதிவைக்கும் சங்கமொன்றை ஆரம்பித்தார்கள். அந்த வழக்கம் வேறு நாடுகளுக்கும் பரவியது. பல ஆயிரம் பசுக்களின் கணக்குக் கையில் வந்தபின், தோற்றத்தையும் பாலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இலகுவாயிற்று. அமெரிக்காவின் மேய்ன் மாநில ஆய்வு நிலையத்தில் ஜோன் கோவன் 1920களில் ஜேர்சிப் பசுக்களைக் கொண்டு இதைத்தான் செய்தார். கண்காட்சி நடுவர்கள் தரும் புள்ளிகளுக்கும் பாலுக்கும் இடையிலான தொடர்பு மிகவும் பலவீனமானது என்பது அவர் கண்ட முடிவு. குறுகிய காலத்துக்குக் கறந்து அளந்த கணக்கு, அனுபவம் மிக்க நடுவரின் கண்ணைவிட நன்றாகச் சொல்லியது.

பால் நரம்பின் கதையும் இப்படித்தான். அதில் ஓடுவது பால் அன்று, இரத்தம். அதுவும் மடிக்குச் செல்லும் இரத்தமன்று, மடியிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம். ஒரு லீற்றர் பால் சுரப்பதற்கு ஏறத்தாழ 400 முதல் 500 லீற்றர் வரை இரத்தம் மடியினூடாகச் செல்ல வேண்டும் என்பார்கள். ஆகவே கறவை மாட்டில் அந்த நாளம் தடிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஈற்றுக்கு ஈற்று அது தடித்துக்கொண்டே போகும். நாலாம் ஈற்று மாட்டின் நரம்பு தலையீற்று மாட்டின் நரம்பைவிடப் பெரிது என்பது வயதைச் சொல்கிறதே தவிர வேறொன்றையும் பெரிதாகச் சொல்வதில்லை.

இருந்தும் கண் தோற்கவில்லை. அதே 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க ஹோல்ஸ்ரைன்–பிறீசியன் சங்கம் ஓர் இலட்சியப் பசுவுக்கும் இலட்சியக் காளைக்கும் ஓவியமும் உருவச்சிலையும் செய்வித்தது. 1929இல் பண்ணை பண்ணையாகச் சென்று பசுக்களின் உடலமைப்புக்குப் புள்ளியிடும் முறை அங்கு தொடங்கியது. பின்னர் 1980களில் அது திருத்தப்பட்டது. நல்லது, கெட்டது என்று சொல்லாமல், ஒவ்வொரு உறுப்பும் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை எங்கே நிற்கிறது என்று மட்டும் எண்ணால் குறிக்கும் முறை வந்தது. உயரம், உடலின் ஆழம், இடுப்பின் சரிவு, பின்னங்காலின் வளைவு, குளம்பின் சாய்வு, முன்மடியின் பிடிப்பு, மடியின் தாழ்வு, காம்புகளின் இடம், காம்பின் நீளம் என ஏறக்குறைய பதினைந்து குணங்கள். இந்த எண்களும் பால் கணக்கும் இலட்சக்கணக்கில் சேர்ந்தபோது, எந்த உறுப்புக்கும் பாலுக்கும் என்ன உறவு என்பது தெளிவாகத் தொடங்கியது.

பாலோடு நெருங்கிய உறவுள்ள தோற்றம் ஒன்று உண்டு. அது மெலிவு. விலா எலும்புகள் இடைவெளிவிட்டுப் பின்னோக்கிச் சரிந்து, தசைப்பிடிப்பின்றிக் கோணல்மாணலாக நிற்கும் பசுவைத்தான் 'கறவைத் தன்மை' உடையது என்று நடுவர்கள் சொல்வார்கள். நம்மூர்க் கண்ணுக்கு அது வடிவான மாடே அன்று. தீனி போதாத மாடு. ஆனால் பாலோடு மிக அதிகமாக ஒத்துப்போகும் உடற்குணம் அதுவே. காரணத்தை யோசித்தால் இதில் மர்மம் ஏதுமில்லை. நிறையக் கறக்கும் பசு கன்று ஈன்ற முதல் மாதங்களில் தின்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறது. பற்றாக்குறையைத் தன் உடற்கொழுப்பிலிருந்து எடுக்கிறது. எனவே அது மெலிகிறது. மெலிவு பாலைத் தருவதில்லை, பாலே மெலிவைத் தருகிறது. இந்த மெலிவையே ஒரு குணமாகக் கொண்டு தெரிவு செய்துகொண்டு போனால், நோய்க்கு எளிதில் ஆளாகும், சினைப்படுவதற்குத் தாமதிக்கும் பசுக்களே வம்சத்தில் பெருகும். அதுவே நடந்தது. 1960களிலிருந்து 2000ஆம் ஆண்டை அண்டிய காலம் வரை அமெரிக்க ஹோல்ஸ்ரைன் பசுக்களின் கருவளம் தொடர்ந்து சரிந்தது. பசுவின் மகள்கள் எவ்வளவு இலகுவாகச் சினைப்படுகின்றன என்பதற்கு 2003இல்தான் அங்கு தனி மதிப்பீடு வெளியிடப்பட்டது.

அடுத்தது உயரம். பெரிய பசு பெரிய வயிற்றோடு நிறையத் தின்று நிறையக் கறக்கும் என்பது எங்கும் உள்ள நம்பிக்கை. இதைச் சோதிக்க மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1966இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. ஒரே மந்தையை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைப் பெரிய உடல் தரும் காளைகளுக்கும் மற்றதைச் சிறிய உடல் தரும் காளைகளுக்கும் சேர்த்து வந்தார்கள். காளைகள் இரு பக்கமும் பாலில் நல்லவையாகவே தெரியப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. 1999இல் வெளியான முடிவில், பாலில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய பசுக்கள் மந்தையில் கூடுதல் காலம் நிலைத்தன. பெரிய உடலைப் பேணுவதற்குக் கூடுதல் தீனி வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்ததே. உடல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பப் பராமரிப்புச் சக்தி தேவைப்படுகிறது என்ற கணக்கின்படி, 700 கிலோ பசு வெறுமனே உயிரோடு நிற்பதற்கு 450 கிலோ பசுவைவிட ஏறத்தாழ 40 வீதம் கூடுதலாகத் தின்ன வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் தன் இலாபச் சுட்டெண்ணில் உடற்பருமனுக்கு எதிர்மறைப் புள்ளி சேர்த்தது. கண்காட்சி வளையத்திலோ உயர்ந்த பசுவுக்கே நெடுங்காலம் பரிசு கிடைத்து வந்தது. ஒரே நாட்டில் ஒரு கை அடிக்க, மறு கை அணைத்த கதை.

இனி மடிக்கு வருகிறேன். உடலமைப்பைப் பார்ப்பது வீண் வேலை என்று இதுவரை எழுதியதைக் கொண்டு யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மடியையும் காலையும் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் எதற்காக என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

பசுவின் மடி இரண்டு பக்கங்களிலும் உறுதியான நார்த்தசை நாண்களாலும், நடுவில் மீள்தன்மையுள்ள ஒரு நாணாலும் தாங்கப்பட்டிருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் மடியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் ஆழமாயிருந்தால் நடு நாண் உறுதியாயிருக்கிறது என்று பொருள். அது தளர்ந்தால் பள்ளம் மறையும், காம்புகள் வெளிப்பக்கம் திரும்பும், மடியின் அடி பின்னங்காலின் நடு மூட்டுக்கும் கீழே இறங்கும். பின்பு சேறு படும், மிதிபடும், மடியழற்சி வரும். இங்கே கவனிக்க வேண்டியது, மடியின் தாழ்வுக்கும் பாலுக்கும் உள்ள உறவு நாம் விரும்பும் திசையில் இல்லை என்பதே. நிறையக் கறக்கும் பசுக்களின் மடி சராசரியில் தாழ்ந்தே இருக்கும். ஆகவே பாலை மட்டும் பார்த்து இனவிருத்தி செய்தால் தலைமுறைக்குத் தலைமுறை மடி இறங்கும். மடியை மட்டும் பார்த்தால் பால் குறையும். இரண்டையும் ஒருங்கே இழுத்துப் பிடிப்பதுதான் இனவிருத்தியாளரின் வேலை. மடி நல்லதாயிருந்தால் பசு கூடுதலாகக் கறக்காது. கூடுதல் ஆண்டுகள் கறக்கும்.

என் பெரியம்மா வீட்டில் ஒரு கேப்பை மாடு நின்றது. தலையீற்றில் காலையில் மட்டும் ஆறு போத்தல். ஊரில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு வடிவான மாடு என்று போனார்கள். மூன்றாம் ஈற்றில் மடி தொங்கிவிட்டது. நாலாம் ஈற்றில் கன்று காம்பைத் தேடி நிலத்தோடு தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. மடியழற்சி வந்து இரண்டு காம்புகள் அடைபட்டன. மிருக வைத்தியர் இரண்டு முறை வந்து போனார். பிறகு மாடு விற்கப்பட்டது, யாருக்கு என்று பெரியம்மா யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டின் பள்ளிக்கூடச் செலவு அதுவரை அந்தப் பாலில்தான் நடந்தது.

இக்குணங்களில் எவை கன்றுக்குப் போகும்? ஹோல்ஸ்ரைன் இனத்தில் உயரத்தின் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 வீதத்துக்கும் மேல் பரம்பரை சார்ந்தது. மடியின் தாழ்வில் 28 வீதம் அளவு. குளம்பின் சாய்வில் 15. பாலில் 20 முதல் 30 வரை. கருவளத்தில் வெறும் 4. அதாவது, மிக இலகுவாக மாற்றக்கூடியது உயரம். அதனால் மிக இலகுவாகக் கெடுக்கக்கூடியதும் அதுவே. கண்ணுக்கு உடனே தெரிவதும், கன்றில் உடனே பலிப்பதும் ஒன்றாயிருந்தபடியால்தான் அந்த இனம் தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்துகொண்டே போயிற்று. இன்று வளர்ந்த ஹோல்ஸ்ரைன் பசுவின் எடை 680 கிலோ அளவில் நிற்கிறது.

'தாயைப் பார்த்து மகளைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள்' என்ற நம் பழமொழியில் வடிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் இனவிருத்தி அறிவியல் அந்தப் பழமொழியைத் தலைகீழாக்கி, மகள்களைப் பார்த்துத் தந்தையை மதிப்பிட்டது. காளை கறப்பதில்லை. ஆகவே அதன் மகள்கள் பல பண்ணைகளில் கறக்கும்வரை காத்திருந்து, அதன்பின் அந்தக் காளையின் விந்தைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். 1944இல் அமெரிக்கப் பசுவொன்று ஆண்டுக்குச் சராசரியாக 2,100 கிலோ அளவில் கறந்தது. 2007இல் அது 9,200 கிலோ அளவுக்கு உயர்ந்தது. தீனியும் பராமரிப்பும் பாதிப் பங்கு என்றாலும், மறுபாதி இந்தத் தெரிவின் பயன். இதற்கும் விலை உண்டு. 1962இல் பிறந்த 'சீஃப்' என்ற காளையின் பங்கு அமெரிக்க ஹோல்ஸ்ரைன் இனத்தின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 14 வீதம் என்று கணிக்கப்பட்டது. அதன் உடலில் மறைந்திருந்த ஒரு மரபணுக் குறை, இரு பக்கத்தாலும் வந்து சேரும்போது கருவைக் கலைத்துவிடும். அதனால் உலகெங்கும் சுமார் 525,000 கருச்சிதைவுகள் நேர்ந்திருக்கும் என 2016இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எந்த நடுவரின் கண்ணும் அதைக் கண்டிருக்க முடியாது. 2009 முதல் கன்றின் மரபணுவையே சோதித்து மதிப்பிடும் முறை அங்கு அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது.

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. அந்த உடலைத்தான் நாம் இறக்குமதி செய்கிறோம். 20,000 கறவை மாடுகளைக் கொண்டுவரும் திட்டத்தின் கீழ் 2017 தொடக்கம் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து சுமார் 5,000 சினை நாகுகள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, கடன் பெற்ற பண்ணையாளர்களிடம் சேர்ந்தன. சொல்லப்பட்ட பால் கிடைக்கவில்லை, மாடுகள் நோயுற்றன, இறந்தன என்று முறைப்பாடுகள் எழுந்தன. பராமரிப்பே போதாது என்று மறுதரப்பு சொன்னது. எஞ்சிய மாடுகள் வரவில்லை. இரு தரப்பு நியாயத்தையும் தனித்தனியே ஆராயலாம். ஆனால் நிறையத் தின்று, நிறைய வெப்பத்தை உண்டாக்கி, அதை வெளியேற்ற வழியின்றி நிற்கும் பெரிய உடலுக்கு நமது வறண்ட வலயத்தின் பகலில் முதலில் குறைவது பசி, அடுத்துப் பால், அதன்பின் சினைப்படும் ஆற்றல். சிறிய உடலுக்கு எடையோடு ஒப்பிடுகையில் தோற்பரப்பு அதிகம், ஆதலால் வெப்பம் விரைவில் வெளியேறும்.

கெனோன் கிழவருக்கு ஓர் ஆறுதல் செய்தியும் உண்டு. மயிர் முக்கியமில்லை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. கரிபியன் பகுதி மாடுகளில் மயிரை மிகக் குட்டையாகவும் வழவழப்பாகவும் ஆக்கும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. 2014இல் அது எந்த மரபணுவில் உள்ளது என்று கண்டறிந்தார்கள். அதைப் பெற்ற ஹோல்ஸ்ரைன் பசுக்கள் வெயிலில் உடற்சூட்டைக் குறைவாக வைத்திருக்கின்றன, பாலும் குறைவாகவே இழக்கின்றன. நம் வெப்பத்துக்கு மாடு தேடுபவர்கள் தோளின் உயரத்தை அளப்பதை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

முன்னே சொன்ன வன்னி வைபவமொன்றில், மாலை போட்டு நிறுத்தியிருந்த மாடுகளுக்கு முன்னால் ஓர் அம்மா நின்று அதிகாரியிடம் கேட்டது என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. "தம்பி, இதின்ரை தாய் எத்தினை போத்தல் கறந்தது? இது எத்தினையாம் ஈத்து? எந்த நாம்பனுக்குப் பட்டது?" அதிகாரியிடம் காதில் குத்திய இலக்கம் மட்டுமே இருந்தது. மாடுகள் சீட்டிழுப்பின் மூலம் பங்கிடப்பட்டன. அந்த அம்மாவுக்கு விழுந்தது உயர்ந்த, கறுப்பு வெள்ளை மாடு. படமெடுத்தவர்கள் அதைத்தான் படமெடுத்தார்கள்.

சில ஆண்டுகளின் பின் வலிகாமத்தில் ஒருவர் தம்முடைய ஐந்து மாடுகளுக்கும் எழுதிவரும் அப்பியாசக் கொப்பியை எனக்குக் காட்டினார். சினைப்படுத்திய திகதி, பயன்படுத்திய காளையின் இலக்கம், ஈன்ற திகதி, காலையும் மாலையும் கறந்த போத்தல்கள். கடைசி நிரலில் மடி பற்றி இரண்டொரு சொற்கள். பதினோராண்டுக் கணக்கு. மாடு வாங்க வருபவர்களுக்கு அதைக் காட்டுவதுண்டா என்று கேட்டேன். "காட்டுவன் ஐயா. ஆனா அவை முதல்ல மாட்டைத்தான் சுத்திப் பாக்கினம்" என்றார்.